குறைந்த விடுப்பில் ஸ்கூபா பயணம்: திரும்பும் விமானத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிடும் முறை

விடுப்பில் எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணுவது ஒன்று; அதில் எத்தனை நாள் நீருக்குள் இறங்க முடியும் என்று எண்ணுவது வேறொன்று. ஏழு நாள் விடுப்பு கிடைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் நாள் பயணத்திலும், அறை எடுப்பதிலும், டைவிங் மையத்தில் படிவங்களை நிரப்புவதிலும் கழியும். கடைசி நாளில் விமானம். அந்த விமானத்துக்கு முந்தைய 18 முதல் 24 மணி நேரம் முக்குளிக்கவே கூடாது. ஆக, ஏழு நாளில் முழுமையாகக் கையில் நிற்பவை நான்கு. விமான நேரம் சாதகமாக அமைந்தால் ஐந்து. நான்கு நாள் விடுப்பென்றால் இரண்டு நாள் மிஞ்சினாலே நல்ல திட்டம் என்று சொல்லலாம்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இடத்தை முடிவு செய்தவர்கள், அங்கே போய்ச் சேர்ந்த பிறகு நேரம் போதவில்லை என்று உணரும்போது, அதை எங்கிருந்தாவது பிடுங்கப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் உறக்கத்திலிருந்தோ, விமானத்துக்கு முந்தைய இடைவெளியிலிருந்தோதான் பிடுங்குகிறார்கள். நேரம் குறைவாக இருந்தால் குறைக்க வேண்டியவை தூரமும், இடமாற்றங்களும், பார்த்தே தீர வேண்டும் என்று எழுதி வைத்த பட்டியலும்தான். உடலுக்குத் தர வேண்டிய மணி நேரங்களில் கை வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கீழே சொல்லியிருக்கும் திட்டமிடும் முறை முழுவதும் அந்த ஓர் எண்ணத்தைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

கடைசி முக்குளிப்பை முதலில் முடிவு செய்யுங்கள்

18 மீட்டர் ஆழத்தில் நம்மைச் சுற்றியுள்ள அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைப்போல ஏறத்தாழ 2.8 மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மெதுவாக மேலேறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, ஒழுங்காகக் கரையேறினாலும் கரைந்த நைட்ரஜன் முழுவதும் உடனே வெளியேறிவிடாது. பல மணி நேரம் எடுத்துக்கொண்டு மூச்சு வழியே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும். விமானம் உயரே போனதும் அதனுள் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருப்பதற்கு நிகராகக் குறையக்கூடும். திசுக்களில் எஞ்சியிருக்கும் நைட்ரஜன் அப்போது குமிழ்களாகப் பிரிந்தால் டீகம்ப்ரஷன் நோய் வரலாம்.

முக்குளிப்பவர்களின் பாதுகாப்புக்காக இயங்கும் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் 2002-இல் நிபுணர்களைக் கூட்டி ஆராய்ந்த பின் வகுத்த வழிகாட்டுதல்களே இன்றும் பரவலாகப் பின்பற்றப்படுகின்றன. தளர்வு நிறுத்தம் (கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதற்காக மேலேறும் வழியில் கட்டாயமாக நின்றே ஆக வேண்டிய நிறுத்தம்) தேவைப்படாத ஒரே ஒரு முக்குளிப்புக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம். ஒரே நாளில் பலமுறையோ, தொடர்ந்து பல நாள்களோ முக்குளித்திருந்தால் குறைந்தது 18 மணி நேரம். தளர்வு நிறுத்தம் தேவைப்பட்ட முக்குளிப்பாக இருந்தால் 18 மணி நேரத்தைவிடக் கணிசமாகக் கூடுதலான நேரம். விடுமுறைக்குப் போகும் எவரும் ஒரே ஒரு முறை இறங்கிவிட்டு வருவதில்லை என்பதால் 12 மணி நேரக் கணக்கை மறந்துவிடலாம். 18 மணி நேரம் என்பது கடக்கக் கூடாத எல்லை, 24 மணி நேரம் என்பது திட்டமிட வேண்டிய அளவு என்று வைத்துக்கொள்வது நல்லது. இந்த நேரங்கள் ஆபத்தைக் குறைக்கின்றனவே தவிர முற்றிலும் நீக்குவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இனி விமான நேரத்துக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணிக்குத் திரும்பும் விமானம் என்றால், 24 மணி நேரக் கணக்குப்படி சனிக்கிழமை காலை 8 மணிக்கே முக்குளிப்பு முடிந்திருக்க வேண்டும். அதாவது சனிக்கிழமை போனதாகவே பொருள். அதே ஞாயிற்றுக்கிழமை இரவு 8 மணி விமானமாக இருந்தால், சனிக்கிழமை காலையிலும் பிற்பகலிலும் இறங்கிவிட்டு மாலைக்குள் கரை சேர்ந்தாலும் இடைவெளி குறையாது. விடுப்பில் ஒரு நாள்கூடக் கூட்டாமல் ஒரு முழு நாள் முக்குளிப்பு கிடைத்துவிடுகிறது. டிக்கெட் எடுக்கும்போது இரண்டு விமானங்களுக்கும் சிறிதளவே கட்டண வித்தியாசம் இருக்குமானால், குறைந்த விடுப்புக்காரர் இரவு விமானத்தையே எடுக்க வேண்டும்.

கடைசி விமானத்தை மட்டும் கணக்கில் எடுப்பது பலர் செய்யும் தவறு. தீவிலிருந்து பெருநகரத்துக்கு வரும் சிறிய உள்நாட்டு விமானம், கடல்விமானம், ஹெலிகாப்டர் ஆகிய அனைத்துமே உயரே போவனதான். அவற்றுள் எது முதலில் வருகிறதோ அதிலிருந்துதான் பின்னோக்கி எண்ண வேண்டும். மலைகளுக்கும் இது பொருந்தும். டெனரீஃப் தீவில் காலையில் முக்குளித்துவிட்டு மாலையில் 3,715 மீட்டர் உயரமுள்ள டெய்டே எரிமலையின் கேபிள் காரில் ஏறுவதும், செங்கடல் கரையிலிருந்து 2,285 மீட்டர் உயரமுள்ள சினாய் மலைக்கு இரவோடிரவாகப் புறப்படுவதும் விமானம் ஏறுவதற்கு ஒப்பான செயல்கள். ஹவாயின் மௌனா கியா மலைக்கு வருபவர்களிடம், முக்குளித்து 24 மணி நேரம் ஆகாமல் உச்சிக்குப் போக வேண்டாம் என்று அறிவுறுத்தப்படுகிறது. மலையையும் கடலையும் ஒரே பயணத்தில் பார்க்க விரும்பினால் மலையை முதலில் வையுங்கள்.

வேலை நிமித்தமான பயணத்தோடு இரண்டு நாள் முக்குளிப்பைச் சேர்த்துக்கொள்பவர்களுக்கு வரிசை வேறு. கூட்டத்தையும் கருத்தரங்கையும் முடித்துவிட்டு, கடைசியில் நிம்மதியாகக் கடலுக்குப் போகலாம் என்றுதான் மனம் சொல்லும். முக்குளிப்பை முதலில் வைத்தால், விமானத்துக்கு முன் காத்திருக்க வேண்டிய அந்த ஒரு நாள் கூட்ட அறையில் தானாகவே கழிந்துவிடும். குடும்பத்தோடு போகிறவர்களும் இதையே செய்யலாம்: முதற்பாதியில் கடல், பிற்பாதியில் ஊர் சுற்றல்.

வாசலிலிருந்து நீர்வரை எத்தனை மணி நேரம்

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விமானப் பயணம் எத்தனை மணி நேரம் என்று பார்ப்பது போதாது. வீட்டு வாசலில் கிளம்பிய நேரத்திலிருந்து முதல் முக்குளிப்புக்காக நீரில் குதிக்கும் நேரம்வரை ஆகும் மொத்த மணி நேரத்தைக் கணக்கிட வேண்டும். மாலத்தீவின் கடல்விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும் என்பதால், மாலையில் போய் இறங்குபவர் தொலைவிலுள்ள தீவுக்குக் கிளம்ப மறுநாள் காலைவரை காத்திருக்க வேண்டியிருக்கும். விமான நிலையத்திலிருந்து விரைவுப் படகில் போகக்கூடிய தீவைத் தேர்ந்தெடுத்தால் அந்த இரவு மிச்சம். தாய்லாந்தின் கோ தாவ் தீவில் விமான நிலையமே கிடையாது. அருகிலுள்ள கோ சமுயிக்கோ, சும்போனுக்கோ போய் அங்கிருந்து படகு பிடிக்க வேண்டும். கடைசிப் படகு புறப்பட்ட பிறகு விமானம் வந்து சேர்ந்தால் அரை நாள் தொலைந்துவிடும்.

என் அளவுகோல் இது: நான்கு நாளோ அதற்குக் குறைவோ இருந்தால் ஒரே விமானம், அதன் பின் அதிகபட்சம் இரண்டு மணி நேரத் தரைவழி அல்லது படகுப் பயணம். ஏழு நாள் இருந்தால் ஒரு விமான மாற்றத்தை ஏற்கலாம். எப்படியிருந்தாலும் தங்குமிடம் ஒன்றே ஒன்றுதான். நடுவில் ஊர் மாறினால் ஈரமான கருவிகளைக் கட்டுவதிலும், புதிய மையத்தில் மறுபடி படிவம் நிரப்புவதிலும், அங்கே மீண்டும் ஒரு பரிசோதனை முக்குளிப்புச் செய்வதிலும் ஒரு முழு நாள் கரைந்துபோகும்.

கரையிலிருந்தே நடந்து இறங்கக்கூடிய இடங்களைக் குறைந்த விடுப்புக்காரர்கள் போதிய அளவு மதிப்பதில்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. படகு புறப்படும் நேரத்துக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. காலையில் அரை மணி நேரம் கூடுதலாக உறங்கலாம். காது அடைத்துக்கொண்டால் திரும்பிப் போய் ஓய்வெடுத்துவிட்டு மாலையில் வரலாம். கரீபியனில் உள்ள பொனேர் தீவில் முக்குளிக்கும் இடங்களைச் சாலையோரத்தில் மஞ்சள் வண்ணம் பூசிய கற்களால் குறித்திருக்கிறார்கள். சிலிண்டர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு நம் விருப்பப்படி போய் இறங்கலாம். சினாய் கரையிலுள்ள தஹப் நகரிலும் கரையிலிருந்து இறங்குவதே வழக்கம். பாலியின் துலம்பெனில், 1942 ஜனவரியில் டார்பிடோவால் தாக்கப்பட்டுக் கரையொதுங்கிய லிபர்ட்டி என்ற சரக்குக் கப்பல், 1963-இல் அகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்து, இன்று கரையிலிருந்து நீந்திச் சேரும் தூரத்தில் கிடக்கிறது. பெரிய கப்பல் சிதைவு ஒன்றை ஒரே காலைப் பொழுதில் அலைச்சலின்றிப் பார்க்க இதைவிட எளிய இடங்கள் அதிகமில்லை. செங்கடலில் 1941-இல் மூழ்கடிக்கப்பட்ட திசில்கார்ம் கப்பல் இதற்கு நேர்மாறு. ஷார்ம் எல் ஷேக்கிலிருந்து ஒரே நாளில் போய்வர வேண்டுமானால் விடிவதற்கு முன்பே புறப்பட வேண்டும். அதுவே பயணத்தின் நோக்கம் என்றால் போகலாம். இரண்டே நாள் வைத்திருப்பவர் அதில் ஒன்றை அந்த நீண்ட படகுப் பயணத்துக்குத் தரலாமா என்று யோசிக்க வேண்டும்.

சில இடங்களை நீண்ட விடுப்புக்காக ஒதுக்கிவைப்பதே நியாயம். கோஸ்ட்டா ரிக்காவின் கரையிலிருந்து ஏறத்தாழ 550 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோகோஸ் தீவுக்குப் படகில் போய்ச் சேரவே ஒன்றரை நாள் ஆகும். கலாபகோஸின் வடக்கிலுள்ள டார்வின், உல்ஃப் தீவுகளை, இரவும் படகிலேயே கழியும் தங்கு படகில் போனால்தான் பார்க்க முடியும். இந்தோனேசியாவின் ராஜா அம்பாட் தீவுகளுக்குப் போக சோரோங் நகர்வரை பறந்து, பிறகு படகேற வேண்டும். இவற்றை ஒரு வாரத்துக்குள் அடக்க முயன்றால் செலவில் பெரும்பகுதி பயணத்துக்கே போகும், களைப்பும் சேரும்.

இடம் சரியாக இருந்து, பருவம் தவறிவிட்டால் குறுகிய பயணத்தில் அதைச் சரிசெய்ய வழியில்லை. மூன்று வாரம் தங்குபவர் காற்று அடங்கும்வரை காத்திருப்பார். மூன்று நாள் தங்குபவரால் அது முடியாது. தாய்லாந்தின் சிமிலன் தீவுகள் மே மாத நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடப்பட்டிருக்கும். மாலத்தீவில் வடகிழக்குப் பருவக்காற்றின்போது திருக்கை வகையைச் சேர்ந்த மான்டாக்கள் பவளத் தீவுக்கூட்டங்களின் மேற்குப் பக்கத்திலும், தென்மேற்குப் பருவக்காற்றின்போது கிழக்குப் பக்கத்திலும் கூடுதலாகத் தென்படும். தங்கும் தீவு எந்தப் பக்கம் என்பதை மாதத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும். மான்டாக்கள் கூட்டமாக வரும் ஹனிஃபாரு விரிகுடாவில் சிலிண்டரோடு இறங்க அனுமதி கிடையாது, மேற்பரப்பில் நீந்திப் பார்க்க மட்டுமே முடியும் என்பதை அங்கே போன பிறகு தெரிந்துகொள்வது வீண் ஏமாற்றம். மலேசியாவின் சிபடானில் நாளொன்றுக்கு இத்தனை பேர் மட்டுமே என்ற அனுமதி வரம்பு இருப்பதால், அனுமதி உறுதியாகும் முன் விமானச் சீட்டு எடுக்கக் கூடாது.

நிலவையும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஓதங்கள் பெரிதாக இருப்பதால் தீவுகளுக்கு இடைப்பட்ட கால்வாய்களில் நீரோட்டமும் வேகமாக இருக்கும். பெரிய மீன்களைத் தேடிப் போகும் அனுபவசாலிகளுக்கு அது வரம். ஓராண்டாக இறங்காதவருக்கு, அல்லது இப்போதுதான் சான்றிதழ் பெற்றவருக்கு, அரைநிலவை ஒட்டிய அமைதியான நாள்களே ஏற்றவை. விடுப்புத் தேதியை நகர்த்த இடமிருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே ஒரு வாரம் நகர்த்தலாம்.

படகிலேயே தங்குவதா, கரையில் தங்குவதா

தங்கு படகில் விழித்தெழும் இடமே முக்குளிக்கும் இடமாக இருப்பதால் நாளொன்றுக்கு மூன்று, நான்கு முறை இறங்க முடியும். போக்குவரத்தில் வீணாகும் நேரம் இல்லை என்பதால் மணிக்கணக்கில் பார்த்தால் இதுவே சிக்கனம். ஆயினும் பெரும்பாலான படகுகள் ஏழு இரவுப் பயணமாக, குறிப்பிட்ட கிழமையில்தான் புறப்படுகின்றன. அந்தக் கிழமைக்கு நம் விடுப்பு ஒத்துவர வேண்டும். விமானம் தாமதமானால் படகு காத்திருக்காது. ஆகவே ஒரு நாள் முன்னதாகவே துறைமுக ஊரைச் சேர வேண்டும். அந்த ஒரு நாளையும் கூட்டினால் ஏழு இரவுப் படகுக்கு ஒன்பது, பத்து நாள் விடுப்பு தேவைப்படும். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபிலும் சிமிலனிலும் மூன்று, நான்கு இரவுப் படகுகள் இருக்கின்றன. ஆறு நாள் விடுப்பு உள்ளவருக்கு அவை பொருந்தும். கடற்பயணத்தில் குமட்டல் வரும் என்று அறிந்தவர்கள், முக்குளிக்காத துணையோடு போகிறவர்கள், நாளுக்கு இரண்டு முறைக்கு மேல் இறங்க விரும்பாதவர்கள் ஆகியோருக்குக் கரைதான் நல்லது.

புறப்படும் முன் வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

குறைந்த விடுப்பில் நேரத்தை உண்மையாகவே பெருக்கித் தருவது இந்தப் பகுதிதான். அங்கே செய்ய வேண்டியவற்றில் எவற்றையெல்லாம் இங்கேயே முடிக்க முடியும் என்று பார்த்து, ஒவ்வொன்றாக முடித்துவிட வேண்டும்.

இதுவரை முக்குளித்திராதவர்கள் பெரும்பாலும் ஓபன் வாட்டர் எனப்படும் அடிப்படைச் சான்றிதழ்ப் பயிற்சியை விடுமுறையிலேயே முடித்துவிட எண்ணுகிறார்கள். அந்தப் பயிற்சிக்கு வழக்கமாக மூன்று, நான்கு நாள் ஆகும். அதில் கிட்டத்தட்ட பாதி நேரம் பாடம் படிப்பதிலும், நீச்சல் குளத்தில் பழகுவதிலும் செல்லும். பாடத்தை இணையவழியில் வீட்டிலிருந்தே படித்துத் தேர்வையும் முடித்துவிடலாம். குளத்துப் பயிற்சியை உள்ளூர் மையத்தில் முடித்து, அவர்கள் தரும் ரெஃபரல் சான்றோடு போனால், கடலில் செய்ய வேண்டிய நான்கு முக்குளிப்புகள் மட்டுமே எஞ்சும். அவற்றை இரண்டு நாளில் முடிக்கலாம். அந்தச் சான்று பொதுவாக ஓராண்டுவரை செல்லும். போகும் இடத்திலுள்ள மையம் அதை ஏற்குமா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். இதற்கும் நேரமில்லை என்றால், பயிற்றுநரோடு 12 மீட்டர்வரை இறங்கும் அறிமுக முக்குளிப்பே போதும். இரண்டு நாளில் எப்படியாவது சான்றிதழ் வாங்கியே தீர வேண்டும் என்ற அவசரத்தோடு கற்கத் தொடங்குவது நல்லதல்ல. முகக்கண்ணாடியில் புகுந்த நீரைப் பதற்றமின்றி வெளியேற்றக் கற்றுக்கொள்ள ஒருவருக்குப் பத்து நிமிடமும் ஆகலாம், ஒரு பிற்பகலும் ஆகலாம்.

சான்றிதழ் இருந்தும் ஆறு மாதமோ ஓராண்டோ இறங்காமல் இருந்தவர்கள், புறப்படுவதற்கு இரண்டு வாரத்துக்கு முன் குளத்தில் ஒரு மறுபயிற்சி எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் முதல் நாளின் முதல் முக்குளிப்பு அதற்கே போய்விடும். காற்றில் இருப்பதைவிடக் கூடுதல் ஆக்சிஜன் கலந்த நைட்ராக்ஸைப் பயன்படுத்தக் கற்கும் பயிற்சியும் பெரும்பாலும் பாடம்தான். அதையும் வீட்டிலேயே முடிக்கலாம்.

மருத்துவப் படிவத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கி நிரப்புங்கள். ஆஸ்துமா, இதயநோய், நீரிழிவு, காது அல்லது சைனஸ் அறுவைச் சிகிச்சை போன்றவை குறித்த கேள்விகளுக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தால் மருத்துவரின் கையொப்பமின்றி நீரில் இறங்க விடமாட்டார்கள். அறியாத ஊரில், விடுமுறை நாளில், முக்குளிப்பு மருத்துவம் தெரிந்த ஒருவரைத் தேடுவதில் ஒரு நாள் முழுவதும் போகக்கூடும். அதைவிட மோசமாக, கையொப்பத்துக்காக ஓடாமலிருக்க எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அது தன் உயிரோடு மட்டுமன்றிக் கூட இறங்கும் துணையின் உயிரோடும் விளையாடும் செயல்.

காப்பீடும் அப்படித்தான். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல ஸ்கூபாவை விலக்கியிருக்கும், அல்லது குறிப்பிட்ட ஆழம்வரை மட்டுமே ஏற்கும். டீகம்ப்ரஷன் நோய்க்குத் தரப்படும் அழுத்த அறைச் சிகிச்சையையும் அவசர மீட்புப் பயணத்தையும் வெளிப்படையாகச் சொல்லும் காப்பீட்டை எடுத்து, அதன் அவசரத் தொலைபேசி எண்ணைக் கைப்பேசியில் மட்டுமன்றித் தாளிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டைவிங் மையத்துக்கு அனுப்பும் முதல் கடிதத்திலேயே எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்: சான்றிதழின் நிலை, மொத்த முக்குளிப்புகளின் எண்ணிக்கை, கடைசியாக இறங்கிய தேதி, உயரம், எடை, கால் அளவு, வந்து சேரும் நேரம், திரும்பும் விமானத்தின் நேரம். அவர்களிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. படகு எத்தனை மணிக்குப் புறப்படும், போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும், ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், போதிய ஆள் சேராவிட்டால் பயணத்தை ரத்து செய்வார்களா, காற்று அதிகமானால் மறைவான மாற்று இடம் இருக்கிறதா, படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, அருகிலுள்ள அழுத்த அறை எங்கே. இறுதி இரண்டு கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொல்லும் மையத்தை நான் நம்புவேன். பதில் சொல்லாமல் தட்டிக்கழிக்கும் மையத்தில், மற்றவை எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், பதிவு செய்ய மாட்டேன்.

கைப்பையில் வர வேண்டியவை

இரண்டு விமானங்களுக்கு இடையே பெட்டி தவறிப்போனால் அது வந்துசேர இரண்டு நாள் ஆகலாம். நமக்கிருப்பதே இரண்டு நாள். ஆகவே முகக்கண்ணாடி, ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர், சிலிண்டர் காற்றைச் சுவாசிக்க உதவும் ரெகுலேட்டர் சொந்தமாக இருந்தால் அது, நீச்சலுடை, மருந்துகள், சான்றிதழ், பதிவேடு ஆகியவை கைப்பையில் வர வேண்டும். விளக்குகளுக்கான உதிரி லித்தியம் மின்கலங்களைச் சரக்குப் பெட்டியில் வைக்க விமான நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. கத்தியைக் கைப்பையில் வைக்க அனுமதிப்பதில்லை. மிதவை அங்கி, துடுப்புக் காலணி, ஈர உடை ஆகியவற்றை அங்கேயே வாடகைக்கு எடுப்பது குறுகிய பயணத்துக்குப் போதும். முகக்கண்ணாடியை மட்டும் வாடகைக்கு நம்ப வேண்டாம். முகத்துக்குப் பொருந்தாத கண்ணாடி ஒழுகத் தொடங்கினால் முக்குளிப்பு முழுவதும் அதனோடு போராடுவதிலேயே முடியும். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் தங்களுக்கேற்ற கண்ணாடி பொருத்தியதை வாங்கிவிடுவது நன்று.

ரெகுலேட்டரைப் பராமரிப்புக்குக் கொடுத்திருந்தால், பயணத்துக்கு முந்தின நாள் வாங்கி அப்படியே பெட்டியில் வைத்துவிடாமல், ஒருமுறையாவது குளத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள். பிரித்துப் பூட்டிய கருவி முதல் பயன்பாட்டில்தான் கோளாறு காட்டும்.

அங்கே இருக்கும் நாள்கள்

இரவெல்லாம் பயணம் செய்துவிட்டு, காலை ஏழு மணிப் படகுக்கு நேராகத் துறைமுகம் போகும் திட்டத்தைப் பலர் பெருமையோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். நானும் ஒருமுறை அப்படிச் செய்தேன். விமானத்தின் குளிர்ந்த வறண்ட காற்றில் மூக்கடைத்திருந்தது. 5 மீட்டரிலேயே காது வலித்தது. படகு கிளம்பி வந்துவிட்டதே என்று இன்னும் இரண்டு மீட்டர் வற்புறுத்தி இறங்கினேன். அதன் பிறகு மீதமிருந்த இரண்டு நாளும் கரையில் உட்கார்ந்திருந்தேன். அந்த முதல் காலையை உறக்கத்துக்குக் கொடுத்திருந்தால் இழப்பு இரண்டு முக்குளிப்புகளோடு நின்றிருக்கும்.

வந்து சேர்ந்த அன்று பிற்பகலில், களைப்பு இல்லையென்றால், ஆழம் குறைந்த இடத்தில் ஒரே ஒரு பரிசோதனை முக்குளிப்பு செய்யலாம். எடை சரியாக இருக்கிறதா, வாடகைக் கருவிகள் பொருந்துகின்றனவா, காது நீரின் அழுத்தத்துக்கு இசைகிறதா என்பவற்றை அன்றே பார்த்துவிட்டால் மறுநாளின் நல்ல இடங்கள் வீணாகாது. அடைத்த மூக்கை மருந்தால் திறந்துகொண்டு இறங்குவதைத் தவிர்க்க வேண்டும். ஆழத்தில் மருந்தின் பலன் தீர்ந்தால், மேலேறும்போது காதுக்குள் அடைபட்ட காற்று வெளியேற முடியாமல் காயம் ஏற்படலாம்.

பிறகு, நாளுக்கு எத்தனை முறை? புதியவர்களுக்கு இரண்டு, பழகியவர்களுக்கு மூன்று. தொடர்ந்து பல நாள் நான்கு முறை இறங்குவது தங்கு படகில் இயல்பானாலும், குறைந்த உறக்கத்தோடு வந்தவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆழத்தைப் பொறுத்தவரை ஓர் எளிய உண்மை குறுகிய பயணத்துக்குச் சாதகமாக இருக்கிறது. முக்குளிப்புப் பயிற்சி அளிக்கும் பாடி (PADI) அமைப்பின் அட்டவணைப்படி, தளர்வு நிறுத்தம் இல்லாமல் முதல் முக்குளிப்பில் 30 மீட்டரில் இருக்கக்கூடிய நேரம் 20 நிமிடம். 18 மீட்டரில் அது 56 நிமிடம். பவளப்பாறைகளின் வண்ணமும் சிறு மீன்களின் கூட்டமும் ஒளி நிறைந்த 18 மீட்டருக்கு மேலேதான் அதிகம். ஆழம் குறைந்தால் காற்றும் நீண்ட நேரம் வரும், நைட்ரஜனும் குறைவாகவே கரையும். 32 விழுக்காடு ஆக்சிஜன் கொண்ட நைட்ராக்ஸைப் பயன்படுத்தினால் நீருக்கடியில் இருக்கக்கூடிய நேரம் இன்னும் நீளும். ஆனால் அதைச் சுமார் 33 மீட்டருக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது, விமானத்துக்கு முந்தைய இடைவெளியையும் அதைக் காரணம் காட்டிக் குறைக்கக் கூடாது.

கம்ப்யூட்டர் ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும். முதல் நாள் கட்டியதையே கடைசி நாள்வரை கட்ட வேண்டும். நேற்றைய நைட்ரஜன் கணக்கு அந்தக் கருவிக்குள்தான் இருக்கிறது. வாடகைக்கு எடுப்பவர்கள் தங்கள் கருவியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, தினமும் அதையே கேட்டு வாங்க வேண்டும்.

காற்றோ அலையோ ஒரு நாளைப் பறித்துக்கொண்டால், அடுத்த நாளில் ஐந்து முறை இறங்கி ஈடுகட்ட முனையாதீர்கள். கடற்கரையை ஒட்டிய அமைதியான பவளத்திட்டு ஒன்று இருக்கிறதா என்று பதிவின்போதே கேட்டு வைத்திருந்தால், படகு கிளம்பாத நாளிலும் ஒரு முறையேனும் இறங்கலாம்.

முக்குளிக்காத கடைசி நாள்

கடைசி முக்குளிப்பு முடிந்ததும் கருவிகளை நன்னீரில் அலசி, நிழலில் காயப் போட வேண்டும். ரெகுலேட்டரை அலசும்போது தூசு மூடி இறுகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் காய்ந்தால் பெட்டியின் எடை கணிசமாகக் குறையும். அந்த நாளில் கடல்மட்டத்திலேயே சுற்றுங்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள், மதுவைத் தவிருங்கள். அழுத்திப் பிடித்துவிடும் மசாஜையும் தள்ளிப்போடலாம், ஏனென்றால் அதனால் வரும் வலியையும் டீகம்ப்ரஷன் நோயின் வலியையும் பிரித்தறிவது கடினம்.

அந்த நோயின் அறிகுறிகள் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வெளிப்படும்: மூட்டுகளில் வலி, கைகால்களில் மரத்துப்போதல் அல்லது குறுகுறுப்பு, தோலில் தடிப்பு, தலைச்சுற்றல், காரணம் புரியாத கடும் களைப்பு. குறுகிய பயணத்தில் எல்லோருமே களைத்திருப்பதால், இவற்றைப் பயணக் களைப்பென்று எண்ணி விமானம் ஏறிவிடும் ஆபத்து கூடுதல். இவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் அது தானாக மறைகிறதா என்று காத்திருக்காமல் டைவிங் மையத்திடம் சொல்லி உடனடியாக ஆக்சிஜன் பெறுங்கள். காப்பீட்டின் அவசர எண்ணை அழைத்து, முக்குளிப்பு மருத்துவம் அறிந்தவரிடம் பேசுங்கள். அவர் அனுமதிக்கும்வரை விமானத்தில் ஏறாதீர்கள். பயணச்சீட்டை மாற்ற வேண்டியிருந்தால் மாற்றிவிட்டு, அலுவலகத்துக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.